கொள்ளைநோய்க் காலத்திற் கருவுற்ற தாய்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு, கடுகண்ணாவைக் கணவாயை வளைந்து வளைந்து ஏறி முடித்ததும், சற்றே மூச்சு வாங்குவது போலச் சமநிலம் காண்கின்ற இடத்திலே பிலிமத்தலாவை இருக்கின்றது. கிழக்கே சிறிது தூரஞ் சென்றாற் பேராதனை; அதற்கப்பால் கண்டி மாநகர். மேற்கே கணவாய் வழியாக இறங்கினால் மாவனல்லை, கேகாலை. இவ்வூரிலே பிரிந்து தவுலகலைக்குப் போகும் தெருவிற்றான் புகழ்பெற்ற கடலாதெனியா விகாரை நிற்கின்றது. 1344ஆம் ஆண்டிலே எழுந்த அந்தக் கற்கோயிலை அமைத்த சிற்பியின் பெயர் கணேசுவராசாரி என்பதை அறியும்போது, தமிழ் நேயர்களுக்கு ஓர் உவகை தோன்றுவது இயல்பே. ஆயினும் இன்றைய பேச்சு கோயிலைப் பற்றியதன்று. கொள்ளைநோய் ஒன்று நாட்டைப் பற்றிக்கொள்ளும் காலத்திலே, கருவுற்ற பெண்ணைக் கவனிக்கும் கண் எவ்வாறு மூடிக்கொள்கின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதனைச் சொல்வதற்குக் கணவாயின் விளிம்பிலே நிற்கும் இவ்வூரைவிடத் தக்க இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கொள்ளைநோய் இவ்விளிம்பின் கீழே பேரழிவு செய்தது. இன்னொன்று விளிம்பைத் தாண்டி வீட்டு வாசலுக்கே வந்தது.

முதலாவது, 1934ஆம் ஆண்டின் இறுதியிலே தோன்றிய மலேரியா. அதைப் பற்றிய வியப்பான செய்தி யாதெனின், அது மழையினால் வந்ததன்று. மழை பொய்த்ததனால் வந்தது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடி நுளம்பின் குடம்பிகளை அடித்துச் செல்லும் மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் மணற்படுகையிலே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. தெளிந்த, வெயில்படும் நீரை விரும்பும் அனோபிலீஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்குமா? உலர்வலயத்து மக்கள் மலேரியாவோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். அவர்கள் உடம்பிலே ஓரளவு எதிர்ப்புச் சத்தி இருந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் ஈரவலயத்து மக்களுக்கோ அது இல்லை. காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று. ஏழு மாதத்துக்குட் சுமார் 80,000 பேர் மாண்டனர். அக்காலத்து இலங்கையின் மொத்தக் குடித்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் அளவிலேயே இருந்தது என்பதை நினைவிற்கொண்டு இத்தொகையை நோக்க வேண்டும்.

கடுகண்ணாவைக்கு மேலே உயரமும் குளிரும் ஓரளவு காவலாயின. கண்டி மாவட்டமும் முற்றாகத் தப்பவில்லை. அதன் தாழ்ந்த பகுதிகள் நோயுட் சிக்கின. ஆனாற் கணவாயின் கீழே கண்ட கோரம் மேலே இல்லை. சில மைல் தூரத்திலே இரண்டு விதி!

இந்த நோயிலே கருவுற்ற பெண்கள் பட்ட பாட்டைத் தனியே ஆராய்ந்தவர் ஒருவர் இருந்தார். கொழும்பு டி சொய்சா பிரசவ மனையைச் சேர்ந்த வைத்தியர் ஜீ. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய அவர்கள். 1879ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அம்மனையின் கட்டில்களை மலேரியாவுற்ற கர்ப்பிணிகள் நிரப்பிய அந்த மாதங்களிலே, முந்நூறுக்கு மேற்பட்டவர்களை அவர் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். 1935இல் ஒரு கட்டுரையாகவும், 1937இல் மலேரியாவும் கொழுக்கிப்புழு நோயும் கர்ப்பவதியை எவ்வாறு வாட்டுகின்றன என்பது பற்றிய நூலாகவும் அவை வெளிவந்தன. அவர் கண்ட தாய்மாரில் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் இறந்தனர். கர்ப்பமில்லாத பெண்களிடையே காணப்பட்டதைவிட இது ஏறக்குறைய இருமடங்கு. காரணத்தை இன்று நாம் நன்கறிவோம். மலேரியாக் கிருமி புகுந்த செங்குருதிக் கலங்கள் நஞ்சுக்கொடியின் இடைவெளிகளிலே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன; அதனாற் பிள்ளைக்குப் போக வேண்டிய ஊட்டம் தடைப்படுகின்றது. ஏற்கெனவே கொழுக்கிப்புழுவினாற் சோகை பிடித்த தாயின் இரத்தத்தை மலேரியா இன்னுங் கரைத்துவிடுகின்றது. கருச்சிதைவும், குறைமாதப் பிரசவமும், செத்துப் பிறத்தலும் மலிந்தன. 1935ஆம் ஆண்டிலே பிறந்த ஆயிரம் பிள்ளைகளுள் 263 பிள்ளைகள் முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. ஆயிரம் பிறப்புக்கு இருபத்தாறு தாய்மார் அளவில் உயிரிழந்தனர்.

இவ்வெண்களைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வது எளிது. நான் சிறிது நின்று ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். விக்கிரமசூரிய கண்ட தாய்மார் வைத்தியசாலைக்கு வந்தவர்கள். வராதவர்கள் எத்தனை பேர்? மாவனல்லைக்கு உள்ளே, வண்டி போகாத ஒரு கிராமத்திலே, ஆறு மாதக் கர்ப்பத்தோடு பாயிலே நடுங்கிக் கிடந்த பெண்ணை யார் பார்த்தார்கள்? அவளைத் தேடிப் போகும் ஏற்பாடு நாட்டிலே தொடங்கித்தான் இருந்தது. 1926ஆம் ஆண்டு, ரொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு, களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. ஒரு வைத்திய அதிகாரி, தாதி, சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என ஒரு சிறு படை, நோயாளி தன்னிடம் வரும்வரை காத்திராமல் வீட்டுக்குப் போவதே அதன் நோக்கம். ஆனால் 1934இல் அத்தகைய பகுதிகள் மிகச் சிலவே. மலேரியா கொன்று குவித்த பிரதேசத்திலே, பிள்ளை பிறக்கும்வரை கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் அவள் இறந்த பின்பே பதிவேட்டில் ஏறினாள்.

அக்காலத்துத் தொண்டர்களையும் ஒரு சொல்லால் நினைவுகூர வேண்டும். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞரும் பெண்களும் கொயினா மாத்திரைகளோடு கேகாலைக் கிராமங்களுட் புகுந்தனர். மருந்து மட்டும் போதாது, பசியே பாதி நோய் என்று அவர்கள் கண்டு சொன்னது, அரசியலிலும் பின்னர் பல விளைவுகளை உண்டாக்கிற்று. அது வேறொரு பேச்சுக்குரிய கதை.

அந்த அழிவுக்குப் பின்னர்ச் சுகாதாரப் பகுதிகள் நாடெங்கும் விரிந்தன. இன்று சுமார் மூவாயிரம் பேருக்கு ஒரு மருத்துவமாது என்பது கணக்கு. கருவுற்ற பெண்ணின் பெயர், அவள் கடைசி மாதவிலக்கு நாள், முந்திய பிரசவங்கள், உயரம், எடை, இரத்த அழுத்தம் யாவும் அந்தம்மாளின் பதிவேட்டிலே உண்டு. 1946இல் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கியதும், வைத்தியசாலைகள் பெருகியதும், பெண்கள் பள்ளிக்கூடம் போனதும் தாய் இறப்பைக் குறைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் கொள்ளைநோய் நமக்கு விட்டுச் சென்ற மிகப் பெரிய கட்டிடம் எது என்று என்னைக் கேட்டால், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த மருத்துவமாதின் ஒற்றையடிப் பாதை என்றே சொல்வேன்.

அந்தம்மாள் கையிலே இருந்த கருவிகள் மிகச் சில. அளவு நாடாவால் வயிற்றை அளந்தாள். உள்ளங்கையால் தடவிப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று கண்டாள். சிறு ஊதுகுழல் போன்ற கருவியை வயிற்றில் வைத்துக் காதுகொடுத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டாள். அதற்கு மேலே கருப்பை ஓர் இருட்டறை.

அவ்விருட்டறைக்குள்ளே நுழைந்த ஒளி, ஒளியன்று, ஒலி! வானொலி நேயர்களுக்கு இது சுவையாக இருக்கும் என எண்ணுகிறேன். மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையுமே கேட்கும். அதற்கும் மேற்பட்ட, இலட்சக்கணக்கான அதிர்வுகளையுடைய ஒலியைக் கழியொலி என்பர். கப்பற்றட்டின் இரும்பிலே வெடிப்பு உண்டா என்று பார்ப்பதற்குத் தொழிற்சாலைகளில் அதனைப் பயன்படுத்தி வந்தனர். கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனல்ட், உலோகத்தின் குறையைக் காட்டும் அந்தப் பொறியையே மனித வயிற்றின்மீது வைத்துப் பார்த்தார். பொறியியலாளர் ரொம் பிறவுணும் வைத்தியர் ஜோன் மக்விக்கரும் அவருக்குத் துணை நின்றனர். 1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் மூவரும் எழுதிய கட்டுரையே இக்கலையின் தொடக்கம் எனலாம். அன்றைய படத்தைப் பார்த்தாற் சாம்பற் புள்ளிகளின்றி ஒன்றும் தோன்றாது. இன்றோ நம் ஊர்ப் பெண்கள் 'ஸ்கேன் எடுத்தாச்சா?' என்று கிணற்றடியில் விசாரிக்கும் அளவுக்கு அது வழக்காகிவிட்டது. ஸ்கேன் என்றதும் ஆணா பெண்ணா என்ற ஆவலே பலருக்கு முன்னிற்கின்றது. கடலுக்கு அப்பாலே இந்தியாவில் அதனைச் சொல்வதே குற்றமென 1994ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கும் அளவுக்கு அந்த ஆவல் தீங்கு செய்தது.

ஆனால் ஸ்கேனின் மெய்யான பயன் வேறு. அது ஒரு நாட்காட்டி. கருவுற்ற முதன் மூன்று மாதங்களுள், பிள்ளையைத் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால், ஏறக்குறைய ஒரு வாரப் பிழைக்குட் கருவின் வயதைச் சொல்லிவிடலாம். அவ்வயதிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வளர்வதே அதன் காரணம். மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் இயல்புக்கேற்ப வளர்கின்றது. கடைசி மூன்று மாதத்திலே அளந்தால் மூன்று வாரம் வரை பிழை நேரலாம். பதினெட்டாம் வாரம் முதல் இருபத்திரண்டாம் வாரம் வரை உறுப்புகளைச் சோதிக்கும் காலம்: இருதயத்தின் அறைகள் நான்கா, முதுகெலும்பு மூடியிருக்கின்றதா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருக்கின்றதா என்பவை அப்போது தெரியவரும். இருதயக் குறையுள்ள பிள்ளை பெரிய வைத்தியசாலையிலே பிறக்க வேண்டும் என்று முன்கூட்டி ஒழுங்கு செய்வதற்கு அந்த ஒரு சோதனையே ஆதாரம். இருபத்து நான்காம் வாரத்துக்கு முன் ஒரு தடவையாவது ஸ்கேன் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் விதந்துரைத்தது. ஆகவே இது என்றைக்காவது செய்துகொள்ளக்கூடிய சோதனையன்று. வாரம் தப்பினால் அது தப்பியதே.

இதனை மனத்திற்கொண்டு 2020ஆம் ஆண்டுக்கு வருவோம்.

இலங்கையிலே முதலாவது கொவிட் நோயாளி, சீனத்திலிருந்து வந்த ஓர் உல்லாசப் பயணி, அவ்வாண்டு ஜனவரி 27ஆந் தேதி கண்டறியப்பட்டார். மார்ச் மாதத்திலே நோய் உள்ளூராரிடம் தோன்றிற்று. 20ஆந் தேதி நாடெங்கும் ஊரடங்கு விழுந்தது. கண்டி மாவட்டம் ஏப்ரில் மாதம் பிற்பகுதி வரை அபாயம் மிக்க ஆறு மாவட்டங்களுள் ஒன்றென வைக்கப்பட்டிருந்தது. அக்குறணை ஊர் மார்ச் இறுதியிலே முற்றாக அடைக்கப்பட்டது. வெளிக்கள கிளினிக்குகள் நிறுத்தப்பட்டன. அல்லது மிகக் குறுக்கப்பட்டன. பேருந்து இல்லை. தனியார் நிலையங்களின் கதவு சாத்தியிருந்தது. மருந்துகளை வைத்தியசாலையிலிருந்து வீடுகளுக்குத் தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்தார், பாராட்டத்தக்க ஏற்பாடு. நீரிழிவுக்காரருக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் அது பெருந்துணை. ஆனால் ஸ்கேனை எந்தத் தபாற்காரர் கொண்டுவருவார்?

பிலிமத்தலாவையிலே இருக்கும் என் தங்கையின் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. எனவே நாட்கணக்கு முதலிலிருந்தே ஐயத்துக்குரியது. ஏப்ரில் முதல் வாரத்திலே, ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரத்தில், ஸ்கேன் செய்யக் குறித்திருந்தார்கள். ஊரடங்கு. கணவர் கொழும்பிலே அகப்பட்டுக்கொண்டார். பேராதனையிலே 1980 முதல் இயங்கும் போதனா வைத்தியசாலை அவள் வீட்டிலிருந்து பெருந்தூரமில்லை. முச்சக்கர வண்டியிற் போனாற் சில நிமிடம். அச்சில நிமிடத் தூரத்தைத் தடுத்தது பொலிசார் மட்டுமல்லர். ஊரடங்கு இடையிடையே தளர்ந்தபோதும் அவள் போகவில்லை. வைத்தியசாலை என்றாலே நோய் இருக்கும் இடம் என்று தாயும் அஞ்சினாள், மகளும் அஞ்சினாள். "வயித்தில பிள்ளையோட அங்க போறதா மாமா?" என்று என்னிடம் தொலைபேசியிற் கேட்டாள். போகச் சொல்லும் துணிவு எனக்கும் வரவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்கிறேன்.

அவள் தனித்த ஒருத்தியல்லள். 105 நாடுகளை உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டு வினவியபோது, நூற்றுக்குத் தொண்ணூறு நாடுகளிலே இன்றியமையாத வைத்திய சேவைகள் தடைப்பட்டிருந்தன. கர்ப்பிணிப் பராமரிப்புத் தடைப்பட்டதாகச் சொன்னவை பாதிக்கு மேல். தடைப்பட்டதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. சேவையை வழங்குவோர் கதவை மூடுவது ஒன்று. கதவு திறந்திருந்தும் வருவோர் வராதிருப்பது மற்றொன்று. முன்னதைச் சுற்றறிக்கை ஒன்றினால் ஒரே நாளில் மாற்றலாம். பின்னதை அவ்வாறு மாற்ற முடியாது.

இந்த இடத்திலே பழைய பாதை மீண்டும் தென்பட்டது. கிளினிக் நின்றாலும் மருத்துவமாது நிற்கவில்லை. தன் பதிவேட்டிலுள்ள தாய்மாரைத் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை துடிக்கின்றதா, தலை இடிக்கின்றதா, கால் வீங்கியிருக்கின்றதா, இரத்தம் படுகின்றதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். இரத்தச் சோகைக்கான மாத்திரையைக் கொடுக்க ஒருநாள் முகமூடியோடு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் முற்றத்திலேயே கதிரை போடுவித்து, என் மருமகளின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனார். 1934இல் மாவனல்லைப் பெண்ணைத் தேடி எவரும் போகவில்லை. 2020இல் பிலிமத்தலாவைப் பெண்ணின் முற்றத்துக்கு ஒருவர் வந்தார். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று.

ஆயினும் அவர் கொண்டுவர முடியாத ஒன்று இருந்தது. மருத்துவமாது தாயிடம் போவார். பொறியிடமோ தாய்தான் போக வேண்டும். நாம் எண்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய முறையின் பலம் வீட்டுக்குப் போவதிலே இருந்தது. புதிய கலையை மட்டும் நகரத்துக் கட்டிடங்களுக்குள்ளே வைத்துவிட்டோம். கொள்ளைநோய் எதைப் பறிக்கும் என்றால், பயணம் செய்து பெற வேண்டியதைத்தான் முதலிற் பறிக்கும். கையிற் கொண்டுபோகத்தக்க சிறிய ஸ்கேன் பொறிகள் இன்று உலகிலே உண்டு. ஒரு ஜீப் வண்டியிலே, பயிற்சி பெற்ற ஒருவரோடு, வாரத்துக்கு ஒருமுறை கடுகண்ணாவைக்கும் தவுலகலைக்கும் அது போய்வரலாம். அடுத்த தடவை எவற்றை மூடுவது என்று பட்டியல் எழுதுவோர், மூன்றாம் மாதத்து ஸ்கேனையும் ஐந்தாம் மாதத்து ஸ்கேனையும் பிரசவ அறையோடு சேர்த்து, மூடாதவற்றின் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இதனைச் செலவு என்போர், வருந்தீமையின் செலவையும் கூட்டிப் பார்க்கட்டும்.

அடுத்த அலைகள் இன்னுங் கொடியன. 2021ஆம் ஆண்டிலே நோய் கர்ப்பிணிகளையே தாக்கிக் கொன்றது. பல்லாண்டாகத் தாழ்ந்து வந்த தாய் இறப்பு வீதம் அவ்வாண்டு ஏறிற்று. ஏறியதற்குக் கொவிட் முதன்மையான காரணமாயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே கருவுற்ற தாய்மாருக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினர். ஊசிக்கும் அஞ்சினோர் உண்டு. அவர்களுள் அநேகரை இணங்கச் செய்தது, சுவரொட்டி அன்று. அவர்கள் பெயரை அறிந்த மருத்துவமாதின் சொல்லே.

என் மருமகள் ஜூன் மாதத்திலேதான் ஸ்கேன் செய்தாள். பிள்ளையின் உறுப்புகள் குறைவில்லை என்று சொன்னார்கள். வீட்டிலே எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் நாட்கணக்கு இரண்டாகிவிட்டது. அவள் சொன்ன நாளின்படி ஒக்டோபர் நடுவிலே பிரசவம். ஸ்கேன் அளவின்படி அதற்குப் பத்து நாள் பின்னே. எது சரி? ஏப்ரிலில் அளந்திருந்தாற் கேள்வியே எழாது. ஒக்டோபர் வந்தபோது மினுவாங்கொடையிலே இரண்டாவது அலை கிளம்பியிருந்தது. முதற் கணக்கைக் கொண்டால், நாள் கடந்துபோனது என்று மருந்து கொடுத்து நோவு வரச்செய்ய வேண்டும். இரண்டாவதைக் கொண்டால், இன்னும் காத்திருக்கலாம். நாள் கடந்த பிள்ளைக்கு வயிற்றில் ஆபத்து. முன்னே இழுத்த பிள்ளைக்கு மூச்சில் ஆபத்து. வைத்தியர் இரண்டு தேதிகளையும் ஒரு கடதாசியிலே எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார் என்று தங்கை சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக் காத்திருப்பது என்று முடிவு செய்தார். ஒவ்வொரு தடவையும் அவள் தனியே உள்ளே போனாள்; தங்கை வாயிலுக்கு வெளியே மழைக்குள் நின்றாள். ஐந்தாம் நாள் இரவு நோவு தானாகக் கண்டது. பெண்பிள்ளை.

அவளுடைய கர்ப்பிணி அட்டையை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் படிந்து, மடிப்பிலே கிழிந்திருந்தது. ஏப்ரில் மாதத்துக்குரிய கட்டத்திலே ஒன்றும் எழுதப்படவில்லை. அதற்குக் கீழே, மே மாதத்துக் கட்டத்திலே, நீல மையில், மருத்துவமாதின் சரிந்த கையெழுத்து: இரத்த அழுத்தம் 110க்கு 70, வீட்டில் பார்த்தது.